மிதக்கும் கல்லில் கட்டிய தையல் அறை

போன மே மாதம் ஒரு நாள் சாயங்காலம் 4 மணிக்கு மாடி அறைக் கூரையின் அடிப்பக்கத்தை அளந்தேன். 35 டிகிரி. அதற்கு முந்தின வருடம் இதே மாதம், இதே நேரம், இதே இடத்தில் 42.5. ஏழரை டிகிரி குறைந்திருக்கிறது. ஏழரை என்றால் பிடிப்பதைத்தான் சொல்வார்கள், எனக்கு அது விட்டுப்போன கணக்கு. அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் செய்த தப்புகள் நிறைய. அவற்றில் பாதியை இன்னொருத்தர் செய்யாமல் இருந்தால்கூடப் போதும்.

வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில். சென்னை கவர்னராக இருந்த கலெட் துரை காலத்தில் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை இது. இன்றைக்கும் மனைகள் ஒல்லி ஒல்லியாகத்தான் இருக்கும். எங்களுடையது 14 அடி அகலம். கீழ்வீடு 1988இல் கட்டியது, 9 அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம். மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கொட்டகையில் நான்கு தையல் மிஷின் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இரண்டு ஷீட்டை உடைத்து, தைத்து மடித்து வைத்திருந்த பள்ளிச் சீருடை மொத்தத்தையும் நனைத்துவிட்டது. சரி, இனி ஷீட் வேண்டாம், அறையாகவே கட்டிவிடலாம் என்று அப்போதுதான் முடிவு செய்தோம். உள்ளளவு 12க்கு 10 அடி.

பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் முதலில் போன இடம் மாடி இல்லை, கீழே சமையலறை. சின்னச் சுத்தியலால் கூரையைத் தட்டித் தட்டிக் கேட்டார். கடல் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் இங்கே பழைய தளங்களில் கம்பி துருப்பிடித்து ஊதி, காரை பெயர்ந்து விழுவது சாதாரணம். ஒரே ஒரு மூலையில்தான் பொத்துப்பொத்தென்று சத்தம் வந்தது. அதைக் கொத்தி எடுத்துச் சரிசெய்தபின், “மேலே கட்டலாம். ஆனா கனம் ஏத்தாதீங்க. புதுச் சுவர் பழைய சுவருக்கு நேர் மேலதான் வரணும்” என்றார்.

கனக் கணக்கை அவரே காகிதத்தில் போட்டுக் காட்டினார். ஒன்பதரை அடி உயரச் சுவர் ஒரு அடி நீளத்துக்கு, 9 அங்குலச் செங்கல் என்றால் ஏறக்குறைய 380 கிலோ. 8 அங்குல ஏஏசி கல் என்றால் 115 கிலோ. அதோடு, ஏஏசி சூட்டையும் செங்கல் அளவுக்குக் கடத்தாது. சிமென்ட், சுண்ணாம்பு, அனல்மின் நிலையச் சாம்பல், கொஞ்சம் அலுமினியப் பொடி சேர்த்துப் பொங்கவைத்து, நீராவி அழுத்தத்தில் வேகவைத்த கல். ஏறக்குறைய இட்லி மாதிரி, உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழி.

அந்தச் சாம்பலைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் குழாய் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்து கிடப்பது ஊரறிந்த கதை. அத்திப்பட்டில் என் நாத்தனார் வெள்ளைத் துணியை வெளியே காயப்போட யோசிப்பாள். எப்படியும் நம் தலையில் விழப்போகிற சாம்பல், சுவராக நின்றால் நல்லதுதானே என்று தோன்றியது. சிமென்டும் சாம்பல் கலந்த பிபிசி ரகத்தையே வாங்கினேன். இங்கே கடைகளில் பெரும்பாலும் அதுதான் கிடைக்கிறது என்பதும் உண்மை.

கல் 312 வாங்கினேன், 600க்கு 200க்கு 200 மில்லிமீட்டர் அளவு. ஒன்று 96 ரூபாய், மொத்தம் 29,952. லாரி எங்கள் தெருவுக்குள் வராது. டி.எச். ரோட்டில் மெட்ரோ நிலையம் பக்கத்தில் இறக்கி, அங்கிருந்து மீன்பாடி வண்டியில் ஆறு நடை, நடைக்கு 400. மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது 23 கல் உடைந்திருந்தது. வண்டியில் அடியில் ஒரு சாக்கு விரித்திருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். உடைசலைத் தூக்கிப் போடாமல் ஒரு மூலையில் அடுக்கச் சொன்னேன். பின்னால் அதுதான் கைகொடுத்தது.

மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல். செங்கல்லில் கை பழுத்தவர், இந்தக் கல்லை அதுவரை தொட்டதில்லை. உடைந்த துண்டு ஒன்றை எடுத்துத் தண்ணீர் டிரம்மில் போட்டார். அது மிதந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். “இன்னாம்மா, கல்லு தண்ணில மெதக்குது, இதுல வூடு கட்டச் சொல்றியே?” என்றார். “ராமர் பாலமே கட்டினாங்களே அண்ணே” என்றேன். சிரித்தார், ஆனால் நம்பவில்லை. நம்பாததன் விளைவு முதல் சுவரிலேயே தெரிந்தது.

வடக்குச் சுவர்தான் முதலில் எழுந்தது. செங்கல்லை நனைப்பது போலவே முந்தின நாள் ராத்திரி ஹோஸ் வைத்துக் கல்லை ஊறவைத்துவிட்டார்கள். ஊறிய கல் ரொம்பக் கனத்தது, சித்தாள் அம்மா தூக்க முடியாமல் தவித்தார். வரிக்கு வரி ஒரு அங்குலம் சிமென்ட் கலவை, அதுவும் சிமென்ட் ஒன்றுக்கு மணல் மூன்று. “கெட்டியா இருக்கட்டும்மா” என்று சிமென்டை அள்ளி அள்ளிக் கொட்டினார். இந்தக் கல்லுக்கென்று 40 கிலோ மூட்டையில் வருகிற ஒட்டுக்கலவை ஐந்து மூட்டை வாங்கி வைத்திருந்தேன். “அது டைல்ஸ் ஒட்டறதும்மா” என்று ஓரமாகத் தள்ளிவிட்டார். நானும் அன்றைக்கு அவசர ஆர்டரில் கீழே உட்கார்ந்திருந்தேன். மேலே போய்ப் பார்த்தபோது சுவர் ஏழு வரி ஏறியிருந்தது.

ஒரு வாரத்தில் அந்தச் சுவர் உலர்ந்து சுருங்கியது. வரி ஓரமாகப் படிக்கட்டு மாதிரி விரிசல். விரிசலுக்குள் என் தையல் ஊசி நுழைந்தது, 14ஆம் நம்பர். பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, “நிக்கும், விழாது. ஆனா மீதி மூணு சுவரையும் இப்படிச் செய்யாதீங்க” என்றார்.

மற்ற மூன்றையும் சொன்னபடி செய்தோம். கல்லை ஊறவைக்கவில்லை, ஒட்டும் முகத்தை மட்டும் ஈரப் பிரஷ்ஷால் ஒரு இழுப்பு. ஒட்டுக்கலவையை பக்கெட்டில் தோசைமாவு பதத்துக்குக் கரைத்து, பல் வைத்த கரணையால் இழுத்தால் 3 மில்லிமீட்டரில் சீப்பு வாரிய மாதிரி கோடு விழும். அதன்மேல் கல்லை உட்காரவைத்து ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு. முதல் வரியை மட்டும் சாதாரணக் கலவையில் ரசமட்டம் பார்த்துப் போட வேண்டும். அதில் கால் அங்குலம் தப்பினால் மேலே சரிசெய்ய இடமே இல்லை, மெல்லிய வரி என்பதால். ஜன்னல் அடியிலும், ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்திலும் சுவரைச் சுற்றி வார் கட்டின மாதிரி பெல்ட் கான்கிரீட். இரண்டாவது நாளே மேஸ்திரிக்குக் கல் பிடித்துப்போயிற்று. தச்சுவேலை ரம்பத்தால் அறுக்க முடிகிறது என்று தெரிந்ததும் ஜன்னல் ஓரத்துக்கு மில்லிமீட்டர் கணக்கில் அறுத்து அறுத்து வைத்தார். மூன்று சுவரும் நான்கரை நாளில் முடிந்தன.

அடுத்தது கூரை. இதில் மங்களூர் ஓடு வைத்த ஃபில்லர் தளம் போட்டோம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை என்று பொறியாளர் சொன்னார். தளத்தின் கீழ்ப்பாதியில் இருக்கும் கான்கிரீட் பெரிதாக வேலை செய்வதில்லை, கம்பிதான் இழுவையைத் தாங்குகிறது. அதனால் அந்த இடத்தில் கான்கிரீட்டுக்குப் பதில் இரண்டு ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து வைத்துவிடலாம். நடுவில் காற்று அடைபடும். இடித்த வீட்டுச் சாமான் விற்பவரிடம் பழைய ஓடு 96 பொறுக்கினேன், ஒன்று 12 ரூபாய். பொறுக்கும்போது காசால் தட்டிப் பார்க்க வேண்டும். கிணுங்கென்றால் நல்ல ஓடு, மொத்தென்றால் விரிசல்.

தளம் 5 அங்குலம், ஓட்டு ஜோடி 3 அங்குலம், மேலே 2 அங்குலம் கான்கிரீட். ஓட்டு ஜோடிகளுக்கு நடுவே நான்கு அங்குல இடைவெளியில் கம்பி ஓடும். கம்பி விவரத்தை இங்கே எழுதவில்லை. அதை அப்படியே எடுத்துத் தங்கள் வீட்டில் போட்டுவிடுவார்கள் என்ற பயம்தான். உங்கள் அறைக்கு உங்கள் பொறியாளர் கணக்குப் போடட்டும். கடல் காற்றுக்காக கம்பி பலகையில் படாமல் தூக்கிப்பிடிக்க அடியில் 30 மில்லிமீட்டர் கவர் பிளாக் வைத்தார், கலவை எம் 25 என்கிற வலிமை ரகம்.

சென்ட்ரிங் பலகையில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஓட்டை அடுக்கி முடித்தபிறகுதான் எலக்ட்ரீஷியன் வந்தார். ஃபேன் கொக்கி வரவேண்டிய நடு இடத்தில் சரியாக ஒரு ஓட்டு ஜோடி உட்கார்ந்திருந்தது. ஓட்டில் ஃபேனைத் தொங்கவிட முடியாது. அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு முழுக் கான்கிரீட்டாக நிரப்பினோம். குழாய்களையும் ஓட்டுக்கு நடுவிலேயே வளைத்து வளைத்துக் கொண்டுபோக வேண்டியிருந்தது. முதலில் ஃபேன், லைட் இடம் குறித்துவிட்டு அப்புறம் கட்டம் போடுங்கள்.

தண்ணீர் விஷயம் முக்கியம். எங்கள் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே உப்பு கரிக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்கிறது. கரைந்த உப்பை மொத்தமாக அளக்கும் டிடிஎஸ் மீட்டர் குளோரைடைத் தனியாகக் காட்டாது, ஆனால் நாக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. 1,000 லிட்டர் தொட்டி நிறைய குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு தளம் போட்டோம். ஓடுகளையெல்லாம் அதிலேயே நனைத்து வைத்தோம். காய்ந்த ஓடு கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிவிடும். இங்கே பாருங்கள், ஓட்டை நனைக்க வேண்டும், ஏஏசி கல்லை நனைக்கக்கூடாது. மேஸ்திரிக்கு அன்றைக்கு என்மேல் வந்த கோபம் நியாயமானது.

தெருவில் கலவை மிஷின் நுழையாது. தகரம் விரித்துக் கையால் கலந்து, எட்டுப் பேர் படியில் வரிசையாக நின்று சட்டி சட்டியாக மேலே ஏற்றினார்கள். காலை 7க்கு ஆரம்பித்து 12.30க்கு முடிந்தது. கூலி 9,500, அதோடு பிரியாணி. மறுநாள் காலையில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினோம். பிபிசி சிமென்ட் மெதுவாகத்தான் இறுகும், அதனால் 14 நாள் விடாமல் தினமும் எட்டுக் குடம். பலகையைத் தாங்கிய முட்டும் 14 நாள் கழித்துதான் பிரித்தோம். பலகையைக் கழற்றியதும் கீழே சிவப்பு ஓடு கட்டம் கட்டமாகத் தெரிந்தது. பூசாமல் அப்படியே விட்டுவிட்டேன். என்னிடம் துணி கொடுக்க வருகிறவர்கள் அளவு கொடுத்துவிட்டு அண்ணாந்து பார்க்காமல் போவதில்லை.

இதில் பணம் மிச்சமா என்று கேட்பவர்களுக்கு: 62 கன அடி கான்கிரீட் 49 ஆகக் குறைந்தது. சிமென்டில் மூன்று மூட்டை மிச்சம், அன்றைய விலையில் 1,150 ரூபாய். ஓட்டுக்குக் கொடுத்தது 1,152. மணலும் ஜல்லியும் குறைந்த காசு, ஓடு அடுக்கிய கூலிக்குப் போய்விட்டது. ஆக மிச்சமும் இல்லை, நஷ்டமும் இல்லை. கனம் மட்டும் ஓட்டு எடை போக 690 கிலோ குறைந்தது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

பூச்சு வேலையில் மறுபடி சறுக்கினோம். நான் ஊருக்குப் போயிருந்த இரண்டு நாளில் வடக்குச் சுவரையும் மேற்குச் சுவரையும் போர் தண்ணீரில் கலந்து, ஒன்றுக்கு மூன்றில், முக்கால் அங்குலத்துக்குப் பூசிவிட்டார்கள். பத்தாவது நாள் மேற்குச் சுவர் வறண்ட ஏரி மாதிரி வெடித்திருந்தது. வடக்கில் வெள்ளை உப்பு பூத்திருந்தது, துடைத்தால் மறுநாள் திரும்ப வந்தது. மெத்தென்ற கல்மேல் கெட்டியான பூச்சு போட்டால் பூச்சு சுருங்கும்போது கல் கூட வராது, வெடிக்கும். மேற்குச் சுவரை முழுக்கக் கொத்தி எடுத்தோம். சுவரைக் கொஞ்சமாக ஈரப்படுத்தி, சிமென்ட்டும் மணலும் நீர்க்கக் கரைத்து விசிறியடித்து ஒரு நாள் விட்டோம். பெல்ட்டும் கல்லும் சேரும் இடமெல்லாம் கோழிவலை அடித்தோம். அப்புறம் பூச்சு மணலான பி-சாண்டைச் சலித்து, ஒன்றுக்கு ஆறு, அரை அங்குலம், மெட்ரோ தண்ணீர். இன்றுவரை ஒரு கோடு விழவில்லை. கொத்தி மறுபடி பூசியதில் போனது 7,800 ரூபாய். வடக்குச் சுவர் உப்பை வயர் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து இப்போதுதான் அடங்கியிருக்கிறது.

மார்ச் கடைசியில் மிஷின்களை மேலே ஏற்றினேன். மொத்தச் செலவு 3,12,000. கையிருப்பு தீர்ந்ததால் கூரைக்கு மேல் தட்டோடோ சுண்ணாம்புத் தளமோ எதுவும் போடவில்லை. மேலாக ஒரு வெள்ளைச் சிமென்ட் அடித்து நிறுத்திவிட்டேன். சுற்றிலும் இவ்வளவு நல்ல கல், கூரையில் காற்று அடைத்த ஓடு. இனி என்ன வெயில் என்று ஒரு தெம்பு.

ஏப்ரல் அந்தத் தெம்பை இறக்கிவிட்டது. மாலை 4 மணிக்கு உள்ளே 38. ஷீட் கொட்டகையில் 41 இருந்தது. மூன்று டிகிரிக்கா மூன்று லட்சம் என்று வீட்டுக்காரர் கேட்டார். ராத்திரி 8 மணிக்கும் கூரையில் கை வைக்க முடியவில்லை. எங்கிருந்து சூடு வருகிறது என்று பார்க்க, கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கியை எடுத்துக் கூரையில் காட்டினேன். அதற்கு மனிதக் காய்ச்சல்தான் தெரியும், ‘ஹை’ என்று கத்திவிட்டு நின்றது. ஏசி மெக்கானிக்காக இருக்கும் அக்கா பையனிடம் தொழில் தெர்மாமீட்டர் கடன் வாங்கி மே மாதம் ஒரு வாரம் அளந்து நோட்டில் எழுதினேன். மாலை 4 மணிக்கு வடக்குச் சுவர் 34, தெற்குச் சுவர் 34, கிழக்கு 35, மேற்கு 36.5. கூரை 42.5.

நோட்டைப் பார்த்ததும்தான் தலையில் அடித்துக்கொண்டேன். வடக்கிலும் தெற்கிலும் பக்கத்து வீட்டுச் சுவர் ஒரு சாண் தூரத்தில், எங்கள் அறையைவிட உயரமாக நிற்கிறது. அந்தச் சுவர்களில் வெயிலே படாது. வெயில் படாத சுவருக்குச் சூடு தடுக்கும் கல்! கனத்துக்காக அந்தக் கல் வேண்டும் என்பது சரி, குளிர்ச்சிக்கு அது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. நாள் முழுக்க வெயில் குடிப்பது கூரை. அதைத்தான் மொட்டையாக விட்டிருந்தேன். ஓட்டுக்கு நடுவே அடைபட்ட காற்று பெரிதாக உதவவில்லை, இடையில் ஓடும் கான்கிரீட் வழியாகச் சூடு இறங்கிவிடுகிறது. தெர்மாமீட்டரைக் கொஞ்சம் நகர்த்தினால் ஓட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

மூலையில் அடுக்கிய உடைசல் ஞாபகம் வந்தது அப்போதுதான். பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் ரம்பம் பிடித்து, 8 அங்குலத் துண்டுகளை 4 அங்குலப் பலகைகளாக அறுத்தான். மாவு மாதிரி தூசி பறக்கும், மூக்கைக் கட்டிக்கொள்ளாமல் செய்யாதீர்கள். போதாததற்கு 4 அங்குலக் கல் 60 வாங்கினேன், 52 ரூபாய் வீதம். கூடுதல் கனத்தைப் பொறியாளரிடம் கேட்டேன். வழக்கமான செங்கல்ஜல்லிச் சுண்ணாம்புத் தளத்துக்கு அவர் ஏற்கெனவே இடம் வைத்துத்தான் கணக்குப் போட்டிருந்தார், இது அதைவிடக் குறைவு.

முதலில் தளத்தில் நீர்காப்புப் பூச்சு இரண்டு கோட். அதன்மேல் கல்லை நெருக்கி அடுக்கினோம். அன்றைக்கு ராத்திரியே கோடை மழை. தார்ப்பாய் போடவில்லை. கல் மொத்தமும் குடித்துவிட்டது. அப்படியே மேலே பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும், ஈரமான ஏஏசி சூட்டைத் தடுக்காது. ஒவ்வொன்றாகப் பெயர்த்து நிறுத்திவைத்து ஒன்பது நாள் காயவிட்டோம். பழைய கனத்துக்கு வந்ததா என்று சமையலறைத் தராசில் ஒரே துண்டைத் தினமும் வைத்துப் பார்த்தேன். 4 கிலோ 900இல் ஆரம்பித்து 3 கிலோ 400இல் நின்றது. அப்புறம்தான் மறுபடி அடுக்கினோம்.

அதன்மேல் வலை விரித்து, ஒன்றுக்கு நான்கில் ஒன்றரை அங்குலக் கலவை, 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம். ஈரமாக இருக்கும்போதே உடைந்த வெள்ளை டைல்ஸ் துண்டுகளைப் பதித்து, இடுக்கில் வெள்ளைச் சிமென்ட் தேய்த்தோம். டைல்ஸ் கடையில் உடைசல் இரண்டு மூட்டை 600 ரூபாய்க்குக் கிடைத்தது. மொத்தம் 19,200 ரூபாய் செலவு. மூன்று லட்சம் சாதிக்காததை இது சாதித்தது. அறைக்குள் காற்று இப்போது மாலை 4 மணிக்கு 34, 34.5. ராத்திரி 8 மணிக்குக் கூரையில் கை வைத்தால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். முன்பு மதியம் 1 மணிக்கு மிஷினை நிறுத்தி 5 மணிக்குத்தான் மறுபடி உட்காருவேன். போன கோடையில் ஒரு நாள்கூட நிறுத்தவில்லை.

இன்னொரு தரம் கட்டினால் கூரை மேல்தளத்துக்கான பணத்தை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுவேன். ஓட்டுத் தளத்தைக் கனத்துக்காக மட்டும் போடுவேன், குளிர்ச்சியை அதனிடம் எதிர்பார்க்க மாட்டேன். கைப்பிடிச் சுவருக்குச் சாம்பல் செங்கல் வைத்திருக்கிறோம், அதில் குறையே இல்லை. அலமாரியைச் சாதாரண ஆணியில் மாட்டி ஒரு தடவை நூல் டப்பாவோடு விழுந்தது; ஏஏசி சுவருக்கு நீளமான நைலான் பிளக் வேண்டும்.

வடக்குச் சுவரின் படிக்கட்டு விரிசலைச் சிமென்ட் குழைத்து அடைத்தாலும் ஒரு இடத்தில் மயிரிழைக்கு மறுபடி தெரிகிறது. இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறேன். மேஸ்திரி போன வாரம் வந்தபோது அதைக் குனிந்து பார்த்தார். “மத்த மூணும் நல்லாருக்குல்லம்மா?” என்றார்.